ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும்: நம் பணமும் நம் தாங்கும் சக்தியும்



வழக்கமா இந்தப் பக்கத்தில் பூஜை நேரம், அன்னதான உபயம், துப்புரவுப் பணி பற்றித்தான் போடுவோம். இன்றைக்குப் பணத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். பொறுமையா படிங்க. வருஷா வருஷம் இபிஎஃப் லாப ஈவு அறிவிக்கிற சமயத்தில் அன்னதானக் கூடத்தில் இதே பேச்சுதான். "எந்த யூனிட் டிரஸ்ட் நல்லா ஏறுது?" "இபிஎஃப் காசை எடுத்து வேற எதிலாவது போடலாமா?" "ஷேர் எல்லாம் சூதாட்டம், நமக்கு வேண்டாம்லா." தொண்டர்கள் எங்ககிட்டேயும் கேட்கிறீங்க. எங்களில் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இருக்கார், ஆசிரியர் இருக்கார், லாரி ஓட்டுகிறவரும் இருக்கார். ஏஜெண்ட் யாரும் இல்லை. யாருக்கும் இதில் கமிஷனும் இல்லை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிடறோம். "எது அதிகமா கொடுக்கும்?" என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "இது இறங்கினால் நான் எவ்வளவு தாங்குவேன், இந்தப் பணம் எனக்கு எப்போ தேவை?" என்பதுதான். அதைக் கேட்காமல் போட்டவர்கள்தான் சந்தை இறங்கினபோது அதிகமாக அடி வாங்கினார்கள்.

நம் சமூகத்தில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று, ஷேர் என்ற வார்த்தையைக் கேட்டாலே பயப்படும் கூட்டம். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1980களில் தோட்டத்து மக்கள் கம்மலையும் சங்கிலியையும் அடகு வைத்து வாங்கிய பங்குகளின் கதை இன்னும் பல வீடுகளில் ஆறாத புண். பெரியவங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று, எல்லாம் உச்சிக்கு ஏறின பிறகு, "பக்கத்து வீட்டுக்காரன் சம்பாதிச்சிட்டான்" என்று ஓடிப் போய் இறங்குகிற கூட்டம். இந்த இரண்டு கூட்டமும் ஒரு விஷயத்தைத்தான் பார்க்கத் தவறுகிறது. சந்தைக்கும் பருவம் உண்டு. மழைக்காலம் வரும் என்று தெரிந்தவன் கூரையை முன்னாடியே பார்த்து வைப்பான்.

நம் நாட்டில் நாமே பார்த்த மூன்று மழைக்காலங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 1997. அதற்கு முன்னால் 1993இல் ஷேர் ஜுரம் நாடு முழுக்கப் பரவியிருந்தது. ரெமிசியர் ஆபீஸ் திரைக்கு முன்னால் உட்கார வேலைக்கு மட்டம் போட்டவங்க எத்தனையோ பேர். 1997 பிப்ரவரியில் கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1,271 புள்ளிகளில் நின்றது. ஜூலையில் தாய்லாந்து பாட் சரிந்தது. பின்னாலேயே நம் வெள்ளியும் சரிந்தது. ஒரு டாலர் இரண்டரை வெள்ளியாக இருந்தது, 1998 ஜனவரியில் 4.88 வரைக்கும் போனது. 1998 செப்டம்பர் 1ஆம் தேதி குறியீடு 262. குறியீட்டோடு சேர்ந்து போயிருந்தால், பத்தாயிரம் வெள்ளி ஏறக்குறைய 2,070 வெள்ளி ஆகியிருக்கும். ஆனால் 1999 முடியும்போது குறியீடு 812. அடிமட்டத்திலிருந்து மூன்று மடங்கு. பழைய 1,271ஐத் திரும்பத் தொட 2007 வரைக்கும் ஆனது. பத்து வருஷம்!

இரண்டாவது, 2008. ஜனவரியில் 1,516. அமெரிக்க வங்கிகள் சரிந்த பிறகு அக்டோபரில் 829. பத்தாயிரம் வெள்ளி சுமார் 5,470 ஆனது. 2010 முடிவதற்குள் பழைய உயரத்துக்கே திரும்பி வந்தது.

மூன்றாவது, 2020. நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது மார்ச் 18. அதற்கு மறுநாள் மார்ச் 19இல் குறியீடு 1,219. அந்த வருஷம் முடியும்போது 1,627.

மூன்றும் விழுந்தது, மூன்றும் எழுந்தது. ஆனால் ஒன்றுக்குப் பத்து வருஷம் ஆனது, ஒன்றுக்கு ரெண்டு வருஷத்துச் சொச்சம், ஒன்று சில மாசத்திலேயே பெரும்பகுதி மீண்டது. அடுத்தது எப்போ விழும், எத்தனை நாளில் எழும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று ஒருத்தர் வந்தால், அவரிடம் கவனமா இருங்க.

இன்னொன்றையும் கவனிச்சீங்களா? சந்தை விழுந்த அதே நேரத்தில்தான் வேலையும் போனது. 1998இல் தொழிற்சாலைகள் ஆள் குறைத்தன. 2020இல் குறியீடு அடியில் கிடந்த அதே வாரம் கடைகள் மூடியிருந்தன, ஓடி நின்றது, தினச் சம்பளம் நின்றது. கையில் ஆறு மாசச் செலவுக்குப் பணம் வைத்திருந்தவர் காத்திருந்தார். எல்லாவற்றையும் ஷேரில் போட்டிருந்தவர் அரிசிக்கும் வாடகைக்கும் அடிமாட்டு விலைக்கு விற்றார். இதில் தைரியசாலி, பயந்தவன் என்ற பேச்சே இல்லை. ஒருத்தருக்கு விற்க வேண்டிய கட்டாயம் இருந்தது, இன்னொருத்தருக்கு இல்லை. அவ்வளவுதான்.

அதனால் "தாங்கும் சக்தி" என்று சொல்லும்போது அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கணும். ஒன்று பையின் சக்தி. இன்னொன்று மனசின் சக்தி.

பையின் சக்தி கணக்கு. நிரந்தர வேலையா? கடன் எவ்வளவு? எத்தனை பேர் நம்மை நம்பி இருக்காங்க? இந்தப் பணம் எத்தனை வருஷத்துக்குத் தேவைப்படாது? கடன் இல்லாத, கல்யாணம் ஆகாத, பினாங்கு தொழிற்சாலையில் நல்ல சம்பளம் வாங்கும் 28 வயது தம்பிக்குப் பையின் சக்தி அதிகம். 52 வயதில், மகள் அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போக, வீட்டுக்கடன் இன்னும் பாதி இருக்கிற அண்ணனுக்கு அது குறைவு. சம்பளம் அந்தத் தம்பியைவிட இரண்டு மடங்காக இருந்தாலும் குறைவுதான்.

மனசின் சக்தி வேறு. ஏஜெண்ட் ஒரு பாரம் கொடுத்து, "20 சதவீதம் இறங்கினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். ஏர்கான் அறையில் உட்கார்ந்து எல்லாரும் "காத்திருப்பேன்" என்றுதான் டிக் போடுவாங்க. சதவீதத்தில் கேட்டால் வலிக்காது. வெள்ளியில் கேளுங்க. "நான் பாடுபட்டுச் சேர்த்த 40,000 வெள்ளி, அடுத்த வருஷம் ஸ்டேட்மெண்டில் 24,000 என்று இருக்கு. அதுக்கு அடுத்த வருஷமும் அப்படியே இருக்கு. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வருமா? வீட்டில் உள்ளவங்ககிட்ட மறைக்காமல் சொல்வேனா?" மறைக்கத்தான் தோன்றும் என்றால், அந்தத் தொகை உங்களுக்கு அதிகம்.

பை தாங்கும், மனசு தாங்காது என்று சிலர் இருப்பாங்க. மனசு தாங்கும், பை தாங்காது என்று சிலர். இரண்டில் எது சின்னதோ, அதுதான் உங்கள் அளவு. தைப்பூசத்துக்கு எல்லாரும் ஒரே கனத்தில் காவடி எடுப்பதில்லையே. பால்குடம் எடுப்பவரை யாரும் குறைவாகப் பார்ப்பதும் இல்லை. பணத்திலும் அப்படித்தான். பக்கத்தில் நிற்பவர் எடுக்கும் கனம் உங்களுக்கு அளவில்லை.

சரி, "பொறுத்திருந்தால் எல்லாம் ஏறிடும்" என்று சிலர் சொல்றாங்களே, அது உண்மையா? இங்கே எங்கள் கருத்து பல ஏஜெண்டுகளுக்குப் பிடிக்காது. 1994 ஜனவரியில் நம் குறியீட்டின் உச்சம் 1,314. 2020 மார்ச்சில் 1,219. இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகும் உச்சத்தில் வாங்கின விலைக்குக் கீழே! குறியீட்டில் லாப ஈவு சேராது, இடையில் வந்த லாப ஈவு தனி, அது உண்மைதான். இருந்தாலும் "நீண்ட காலம்" என்ற ரெண்டு வார்த்தை மட்டும் யாரையும் காப்பாற்றாது. ஒரே நாளில் மொத்தமாக, எல்லாரும் கொண்டாடும் நேரத்தில், ஒரே நாட்டுச் சந்தையில் போட்டவருக்கு 26 வருஷமும் போதாமல் போகலாம்.

இது முப்பது பெரிய கம்பெனிகளின் குறியீட்டுக்கே. தனிக் கம்பெனி ஷேர் என்றால் இன்னும் கவனம். குறியீடு எழும். ஆனால் கம்பெனி எழாமலேயே போகலாம். பிஎன்17 பட்டியலில் விழுந்து, பிறகு சந்தையிலிருந்தே நீங்கிய கம்பெனிகள் உண்டு. 2020இல் கையுறைக் கம்பெனி ஷேர்கள் ஏறியதையும், 2021இல் அவை இறங்கியதையும் நாம் எல்லாரும் பார்த்தோம். கடைசியாகப் போய்ச் சேர்ந்தவர்களில் பலர் தம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஷேர் வாங்கிய இளைஞர்கள். அவங்களைத் திட்ட வேண்டாம். யாராவது முன்னாடியே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கணும்.

தங்கம் மட்டும் இறங்காது என்று நம் அம்மாமார்கள் சொல்வாங்க. தங்கத்துக்கும் பருவம் உண்டு. 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 850 அமெரிக்க டாலர். 1999இல் ஏறக்குறைய 250. பழைய விலையைத் திரும்பப் பார்க்க 2008 ஆனது. நகை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இறங்காத பொருள் என்று நினைத்து வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

அப்படியானால் சாதாரணக் குடும்பம் என்ன செய்வது? எங்கள் கருத்து இதுதான்.

முதலில், பணத்துக்குத் தேதி போடுங்க. ஒரு வருஷத்துக்குள் தேவைப்படும் பணம், ஐந்து வருஷத்துக்குள் தேவைப்படும் பணம், பத்து வருஷத்துக்கு மேல் தொடவே வேண்டாத பணம் என்று மூன்றாகப் பிரியுங்க. முதல் இரண்டும் பேங்கில், எஃப்டியில் இருக்கட்டும். பிஐடிஎம்மில் உறுப்பினராக உள்ள ஒவ்வொரு வங்கியிலும் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு. வட்டி குறைவுதான். ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சந்தையின் பருவம் தெரியாது. கும்பாபிஷேகத் திருப்பணிக்காகச் சேரும் பணத்தை ஏன் நல்ல லாபம் வரும் இடத்தில் போடக்கூடாது என்று சில உபயகாரர்கள் கேட்கிறீங்க. அதுக்கும் இதே பதில்தான். ஸ்தபதிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய மாசத்தில் சந்தை பாதியாகக் கிடந்தால், யாரிடம் போய் நிற்பது? மூன்றாவது பணத்துக்கு மட்டும்தான் ஏற்ற இறக்கம் உள்ள இடம்.

அடுத்தது, இபிஎஃபைக் கணக்கில் சேருங்க. "நான் ஷேர் பக்கமே போனதில்லை" என்று சொல்பவரின் பணமும் சந்தையில்தான் இருக்கு. இபிஎஃப் ஏறக்குறைய பாதியைக் கடன் பத்திரங்களில் வைக்கிறது, பெரும் பகுதியை ஷேரில் போடுகிறது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டில் வைத்திருக்கிறது. அதனால்தான் லாப ஈவு வருஷா வருஷம் மாறுகிறது. 2017க்கு 6.90 சதவீதம், 2020க்கு 5.20, 2024க்கு 6.30. சட்டம் உறுதி சொல்வது 2.5 சதவீதம் மட்டும்தான். ஆக, பருவம் இபிஎஃபுக்கும் உண்டு. பல இடங்களில் பிரித்துப் போடுவதால் அதன் அடி மெதுவாக விழுகிறது. நாமும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அதுதான்.

இபிஎஃப் பணத்தில் ஒரு பகுதியை யூனிட் டிரஸ்டுக்கு மாற்றலாம் என்று சொல்லி வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்க. ஆரம்பக் கட்டணம் எவ்வளவு? மாற்றின தொகைக்கு இபிஎஃப் லாப ஈவு நிற்கும், அதைவிட அதிகமாக இது கொடுக்கணுமே, பத்து வருஷக் கணக்கு எங்கே? 2008இல் இந்த ஃபண்ட் எவ்வளவு இறங்கியது? போன வருஷத்து ஏற்றத்தை மட்டும் காட்டினால், "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்திருங்க. மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

தொற்றுக் காலத்தில் நான்கு சிறப்புத் திட்டங்கள் வழியாக இபிஎஃபிலிருந்து மொத்தம் 145 பில்லியன் வெள்ளி வெளியே போனது. பசிக்கு எடுத்தவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த அவசரத்துக்கு வேறு ஒரு பை இருந்திருந்தால், ஓய்வுக்கால அரிசியில் கை வைத்திருக்க வேண்டாம். ஆறு மாசச் செலவுப் பணத்தை நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். ஒரே வருஷத்தில் சேராது. மாசம் நூறு வெள்ளியில் ஆரம்பிச்சாலும் ஆரம்பம்தான்.

பிறகு, நீண்ட காலப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்க. ஒரு சின்னக் கணக்கு. மாசம் 200 வெள்ளி. முதல் மாசம் ஒரு யூனிட் 1 வெள்ளி, 200 யூனிட் கிடைக்கும். அடுத்த மாசம் 50 சென்னுக்கு விழுகிறது, 400 யூனிட். மூன்றாவது மாசம் 80 சென், 250 யூனிட். போட்டது 600 வெள்ளி. கையில் 850 யூனிட், மதிப்பு 680 வெள்ளி. விலை ஆரம்பித்த இடத்துக்கே இன்னும் வரவில்லை, ஆனாலும் நஷ்டம் இல்லை. விலை 50 சென்னிலேயே கிடந்தால் நஷ்டம்தான், அதையும் சொல்லிடறோம். ஆனால் இறக்கத்தில் பயந்து நிறுத்தினவருக்கு அந்த 400 யூனிட் கிடைத்திருக்காது. சுழற்சியை யூகிக்க முடியாத நமக்கு, சுழற்சியோடு வாழ இதுதான் வழி.

கடைசியாக ஒன்று. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறோம். கடன் வாங்கிப் போடாதீங்க. பெர்சனல் லோனும் வேண்டாம், மார்ஜினும் வேண்டாம், ஆலோங் பக்கம் தலையே வைக்க வேண்டாம். 1997இல் மார்ஜினில் வாங்கினவர்கள் காத்திருக்கவே முடியவில்லை. விலை இறங்கினதும் அவங்க ஷேர்களைத் தரகு நிறுவனமே விற்றுவிட்டது. கடனுக்குத் தவணைத் தேதி உண்டு, சந்தைக்கு இல்லை.

இனி, எங்களை இதை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறோம். "ஏற்ற இறக்கமே இல்லை, மாசம் 10 சதவீதம் உறுதி" என்று சில திட்டங்கள் நம் வாட்சாப் குழுக்களுக்குள் நுழைகின்றன. கொண்டு வருபவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவர். விபூதி பூசிய நெற்றி, அக்கா, அண்ணன் என்று அன்பான பேச்சு. ஒரு கணக்குப் போடுங்க. மாசம் 10 சதவீதம் உண்மையாகவே சேர்ந்தால், ஆயிரம் வெள்ளி ஒரே வருஷத்தில் மூவாயிரத்தைத் தாண்டும். உலகத்தில் எந்தத் தொழில் அதை உறுதியாகக் கொடுக்கும்? சந்தையில் இருப்பது இறங்கும், பிறகு எழலாம். இப்படிப்பட்ட திட்டத்தில் போட்டது ஒரே ஒரு தடவைதான் இறங்கும், அப்புறம் இருக்காது. ஏற்ற இறக்கத்துக்குப் பயந்து ஷேரை ஒதுக்கினவங்கதான் இதில் அதிகமாக மாட்டுறாங்க என்பது எங்களுக்கு வருத்தம். இறங்கவே இறங்காது என்ற வார்த்தைதான் அவங்களை இழுக்குது.

கூட்டுப் பிடிப்பதும் அப்படித்தான். நம்பிக்கையில் நடக்குது என்பாங்க. ஆனால் கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. பணம் போனால் எங்கே போய்க் கேட்பது? எந்தத் திட்டமாக இருந்தாலும் பங்கு ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்க. ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்படாமல் உடனே 997க்குக் கூப்பிடுங்க. ஆலயக் குழுவில் எந்த முதலீட்டு விளம்பரம் வந்தாலும், யார் போட்டாலும், நாங்கள் எடுத்துவிடுவோம். கோபப்படாதீங்க. இறைவன் சந்நிதியில் வளர்ந்த நம்பிக்கை வியாபாரத்துக்கு முதல் ஆகக்கூடாது.

"நம்மகிட்ட இருப்பதே கொஞ்சம், இதுக்கு எதுக்கு இவ்வளவு கணக்கு?" என்று சிலர் கேட்பீங்க. கொஞ்சமா இருப்பவருக்குத்தான் கணக்கு முக்கியம். நிறைய இருப்பவர் பாதியை இழந்தாலும் மிச்சத்தில் சாப்பிடுவார். எதிலுமே போடாமல் எல்லாவற்றையும் சேமிப்புக் கணக்கில் விட்டு வைப்பதும் பாதுகாப்பு இல்லை. சாமான் விலை ஏறும்போது அந்தப் பணத்தின் பலம் சத்தமில்லாமல் கரையும். பயந்து ஒதுங்குவதும் வேண்டாம், ஆசையில் பாய்வதும் வேண்டாம். நம் அளவு தெரிந்து நிற்போம்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்க. இந்தப் பணம் எனக்கு எந்த வருஷம் வேணும். எத்தனை வெள்ளி குறைந்தாலும் நான் விற்க மாட்டேன். சந்தை விழுந்தால் யாரிடம் பேசின பிறகு முடிவு எடுப்பேன். கணவன் மனைவி ரெண்டு பேரும் படித்துக் கையெழுத்துப் போட்டு, பத்திரமா வைங்க. சந்தை நல்லா இருக்கும்போதே எழுதணும். விழுந்த அன்றைக்கு எழுத உட்கார்ந்தால் கையும் நடுங்கும், புத்தியும் நடுங்கும்.

வேறு கருத்து உள்ளவங்க கீழே எழுதுங்க. மரியாதையோடு பேசுவோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்க.

எல்லாரும் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள்